‘ஹார்ட் மாத்திரை’ என்று ஒன்று கிடையாது

எங்கள் குடும்பத்தில் தினமும் மாத்திரை டப்பாவைத் திறக்கிறவர்கள் மூன்று பேர். அப்பா, அக்கா, சித்தப்பா. கல்யாண வீட்டில் பார்க்கிறவர்கள் எல்லோரும், "உங்க வீட்டுல எல்லாருக்கும் ஹார்ட் போல, பரம்பரையா வருதோ?" என்று கேட்பார்கள். ஆனால் மூன்று பேருக்கும் வந்தது ஒரே நோய் இல்லை. அப்பாவுக்கு இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. அக்காவுக்கு இதயத்துக்குள் இருக்கும் வால்வு சுருங்கிவிட்டது. சித்தப்பாவுக்கு இதயத்தில் ஒரு குறையும் இல்லை, காலுக்குப் போகும் ரத்தக் குழாய்தான் கெட்டுப்போனது. காரணம் வேறு, மருந்து வேறு, பத்தியமும் வேறு. இதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் ஒருவர் மாத்திரையை இன்னொருவருக்கு நீட்டுவது எவ்வளவு ஆபத்து என்று நேரில் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அப்பா. முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். அப்பா பஸ் கண்டக்டர். சர்க்கரை நோய் உண்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தார். வயது 54. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வந்துவிடுகிறது, மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59 என்று 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில் தெரியவந்தது. அப்பாவைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் எத்தனை பேரோ.

ஒரு ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சுவலி என்று அவர் சொல்லவே இல்லை. மேல்வயிறு எரிகிறது, குமட்டுகிறது என்றுதான் சொன்னார். சட்டை முழுக்க வியர்வை. கேஸ்தான் என்று சோடா குடித்தார், ஜெலுசில் குடித்தார். தெருமுனையில் இருந்த ஒரு கிளினிக்கில் அசிடிட்டி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள், ஈசிஜி எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் வியர்வை நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மாமா நல்ல மனசோடு ஓடிவந்து, தன் பர்ஸில் எப்போதும் வைத்திருக்கும் சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரையை அப்பாவின் நாக்குக்கு அடியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்குக் கண் சொருகிவிட்டது. அம்மாதான், "இது கேஸ் இல்ல, வண்டியக் கூப்பிடுங்க" என்று சத்தம் போட்டாள். 108 வந்தது. அதில் வந்தவர் பிரஷர் பார்த்தபோது மிகவும் இறங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி பார்த்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் அடைப்பு வந்தால் வலி மேல்வயிற்றில்தான் தெரியும். வாந்தி, குமட்டலும் வரும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே சரியாகத் தெரியாமலும் போகும். இந்த வகை மாரடைப்பில் சில சமயம் இதயத்தின் வலது பக்கமும் சேர்ந்து பாதிக்கப்படும். அப்போது சார்பிட்ரேட் கொடுத்தால் பிரஷர் கிடுகிடுவென்று இறங்கிவிடும். மாமாவுக்கு அந்த மாத்திரை சரியானதுதான், அவருக்கு இருந்தது நடந்தால் வரும் நெஞ்சுவலி. அப்பாவுக்கு அது உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

அப்பாவுக்கு, உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். அடைப்பு தொடங்கி 12 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி அது. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போட்டால்தான் முழுப் பலன். ஆஞ்சியோகிராம் வசதி பக்கத்திலேயே இருந்தால் அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை நேராக வைப்பது இதைவிட நல்லது. எங்களுக்கு ஊசி முதலில், மறுநாள் ஆஞ்சியோகிராம், வலதுபக்கக் குழாயில் ஒரு ஸ்டென்ட்.

எனக்கு ரொம்ப நாள் புரியாத ஒன்றை அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பா தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர், ஒரு மூச்சுவாங்கலும் இருந்ததில்லை. திடீரென்று எப்படி 100 சதவீதம் அடைக்கும்? குழாய்ச் சுவருக்குள் கொழுப்பு பல வருஷமாகப் படிகிறது. பாதிக்கும் குறைவாக அடைத்திருக்கும்போது எந்த அறிகுறியும் இருக்காது. அந்தக் கொழுப்புப் படிவின் மேல்தோல் ஒரு நாள் வெடிக்கிறது. உடம்பு அதைக் காயம் என்று நினைத்து அங்கே ரத்தத்தை உறைய வைக்கிறது. சில நிமிஷத்தில் குழாய் மூடிவிடுகிறது. அதனால்தான் போன மாசம் டிரெட்மில் டெஸ்ட்டில் நன்றாக ஓடியவருக்கு இந்த மாசம் மாரடைப்பு வருவதைப் பார்க்கிறோம். கொலஸ்ட்ரால் மாத்திரையை ரிப்போர்ட் ‘நார்மல்’ ஆனதும் நிறுத்தக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அந்த மாத்திரை கொழுப்பின் அளவைக் குறைப்பதோடு, படிவு வெடிக்காமல் உறுதியாக இருக்கவும் உதவுகிறது.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இன்னொன்று. பொதுவாக ஒரு வருஷத்துக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். பல் பிடுங்க வேண்டும், கண்புரை ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று யாராவது இதை நிறுத்தச் சொன்னால், ஸ்டென்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். புது ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது முதல் மாரடைப்பைவிட மோசமாக இருக்கும்.

கிராமத்தில் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நல்ல விஷயம்: 2023 முதல் தமிழ்நாட்டில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மருந்துகளை வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டேட்டின் மூன்றையும் முதல் வேளைக்குரிய பெரிய அளவில் கொடுத்துவிட்டு மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். தெருமுனைக் கிளினிக்குக்கும் சோடா கடைக்கும் போகிற நேரத்தில் அங்கே போய்விடலாம். ஈசிஜி எடுக்காமல் ‘கேஸ்’ என்று சொல்லும் யாரையும், அவர் டாக்டராகவே இருந்தாலும், நம்பாதீர்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தும் வலியும் வியர்வையும் தொடர்ந்தால் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இதயத் தசை பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டும் ட்ரோப்போனின் என்ற ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது.

அப்பாவின் கதை பல வீடுகளில் நடப்பதுதான். அக்காவின் கதையைத்தான் யாரும் எழுதுவதில்லை.

அக்கா ஏழாம் வகுப்பு படிக்கும்போது தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. அது சரியாகி இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற நிலைமை. ஆச்சி, "வளர்ற புள்ளைக்கு வர்ற வலிதான்" என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டாள். வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். வலி போய்விட்டது, எல்லோரும் மறந்துவிட்டோம். ஸ்டெதஸ்கோப் வைத்து அவள் நெஞ்சை யாரும் கேட்கவில்லை.

அவளுக்கு வந்தது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற ஒரு வகைக் கிருமி வருகிறது. அதை அழிக்க உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள்கள், சில குழந்தைகளுக்கு, தன் சொந்த மூட்டையும் இதய வால்வையும் தாக்க ஆரம்பித்துவிடுகின்றன. மூட்டு தழும்பில்லாமல் ஆறிவிடும். வால்வு ஆறாது. 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வருகிறது. ஒரு சின்ன வீட்டில் நிறையப் பேர் நெருக்கிப் படுக்கிற இடங்களில் கிருமி எளிதாகப் பரவும். பணக்கார நாடுகளில் இந்த நோய் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. இங்கே இன்னும் இருக்கிறது. நினைத்தால் கோபம் வருகிறது, ஏனென்றால் இதைத் தடுக்கும் மருந்து பெனிசிலின். விலை குறைவு, எவ்வளவோ பழைய மருந்து. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் சரியான மருந்து கொடுத்தாலே ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. முதல் பிள்ளை வயிற்றில் ஆறாவது மாசம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ராத்திரி இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் தூக்கம். பிள்ளைத்தாச்சி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஒரு நாள் இருமலில் சளியோடு லேசாக ரத்தம் வந்தது. காசநோய் என்று பயந்து ஓடினோம். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது, மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது என்று. நுரையீரலிலிருந்து வரும் நல்ல ரத்தம் மேலறையிலிருந்து கீழறைக்கு அந்த வால்வு வழியாகத்தான் இறங்க வேண்டும். ஆரோக்கியமான வால்வு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்கும். அக்காவுக்கு 1 கூட இல்லை. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுகிறது. அந்தக் கூடுதல் ரத்தம் சிறிய வாசலில் போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்கிவிடுகிறது. இத்தனை வருஷம் சும்மா இருந்த நோய் பல பெண்களுக்குக் கர்ப்பத்தில் வெளிப்படுவதற்கு இதுதான் காரணம்.

கர்ப்பத்திலேயே பலூன் சிகிச்சை செய்தார்கள். தொடையில் இருக்கும் சிரை வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் சின்னத் துளை போட்டு, வால்வுக்குள் பலூனை வைத்து ஊதி விரிப்பது. ஜப்பானைச் சேர்ந்த டாக்டர் கன்ஜி இனோவே உருவாக்கிய பலூன் அது. மார்பைத் திறக்காமல் இதைச் செய்துவிடலாம். வயிற்றுப் பக்கம் எக்ஸ்ரே படாமல் ஈயக் கவசம் வைத்திருந்தார்கள். சிகிச்சை முடிந்த அன்றைக்கே அக்கா மல்லாந்து படுத்துத் தூங்கினாள். பிள்ளை பத்திரமாகப் பிறந்தது.

அதற்குப் பிறகு 21 நாளைக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி, 12 லட்சம் யூனிட். இடுப்பில் போடுவார்கள், நன்றாக வலிக்கும். மறுபடியும் தொண்டைக் கிருமி வந்து வால்வைத் தாக்காமல் இருக்கத்தான் இந்த ஊசி. "நல்லாத்தானே இருக்கா, இன்னும் எதுக்கு ஊசி?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். நன்றாக இருக்கும்போதும் தொடர்ந்து போட்டால்தான் இந்த ஊசியால் பலன். வால்வு கெட்டவர்களுக்குப் பொதுவாக 40 வயது வரைக்கும், சிலருக்கு ஆயுள் முழுக்கவும் போடச் சொல்கிறார்கள். ஒவ்வாமை வந்தால் பார்த்துக்கொள்ளும் வசதி உள்ள இடத்தில்தான் போட வேண்டும். அக்கா காலண்டரில் தேதியை வட்டம் போட்டு வைப்பாள்.

சில வருஷம் கழித்து வால்வு மறுபடி சுருங்கியது, கசியவும் ஆரம்பித்தது. பலூனால் ஆகாது என்று ஆபரேஷன் செய்து செயற்கை வால்வு வைத்தார்கள். இந்தியாவிலேயே செய்யப்பட்ட சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானின் குழு உருவாக்கியது. 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். வெளிநாட்டு வால்வு வாங்க முடியாத எவ்வளவோ குடும்பங்களுக்கு அது உயிர் கொடுத்திருக்கிறது. அமைதியான அறையில் பக்கத்தில் உட்கார்ந்தால் அக்காவின் நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்கும். அவள் மகன் சின்ன வயதில் அதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்குவான்.

உலோக வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். அக்காவுக்கு அசிட்ரோம். இங்கேதான் நான் முதலில் சொன்ன விஷயம் வருகிறது.

ஒரு பொங்கல் சமயம். அக்காவின் மாத்திரை தீர்ந்துவிட்டது, ஊரில் மருந்துக்கடை எல்லாம் பூட்டிக் கிடந்தது. அத்தை சொன்னாள், "அதுக்கு ஏன் பதறுற? அப்பாகிட்ட ஈக்கோஸ்பிரின் இருக்கு. அதுவும் ரத்தத்தை லேசாக்குறதுதானே, ரெண்டு நாளைக்கு அதைப் போடட்டும்." பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். இரண்டு சீட்டிலும் ‘ரத்தம் உறையாமல் இருக்க’ என்றுதான் எழுதியிருக்கிறது. அக்கா டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் ஒரேயடியாக வேண்டாம் என்றார். ஈக்கோஸ்பிரின் என்பது ஆஸ்பிரின்தான். அது ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. வேகமாக ரத்தம் ஓடும் குழாயில், ஸ்டென்ட்டில், அது போதும். அசிட்ரோம் வேலை செய்வது கல்லீரலில். வைட்டமின் கே-யைக் கொண்டு கல்லீரல் தயாரிக்கும் உறைபொருள்களைக் குறைக்கிறது. உலோக வால்வில் ரத்தம் உறையாமல் தடுக்க இதுதான் வேண்டும், ஆஸ்பிரின் மட்டும் கொடுத்தால் காக்காது. அங்கே கட்டி வந்தால் வால்வு திறக்காமல் சிக்கிக்கொள்ளும், அல்லது கட்டி மூளைக்குப் போய் பக்கவாதம் வரும். தம்பி அப்போதே பைக்கை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போய், ராத்திரியும் திறந்திருந்த கடையில் வாங்கி வந்தான்.

அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் என்ற பரிசோதனையைத் தவறாமல் எடுக்க வேண்டும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் பொதுவாக 2.5 முதல் 3.5-க்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ரத்தம் உறையும், மிகவும் மேலே போனால் ரத்தக்கசிவு வரும். முருங்கைக்கீரை, பசலைக்கீரையில் வைட்டமின் கே நிறைய இருக்கிறது. கீரையே கூடாது என்றில்லை, ஒரு வாரம் தினமும் கீரை, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடக்கூடாது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை கூடாது. நாட்டு மருந்து, ஆன்டிபயாடிக் எது புதிதாகச் சேர்ந்தாலும் ஐ.என்.ஆர் மாறும். ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. மாத்திரை 1, 2, 4 மில்லிகிராம் என்று வரும், கடைக்காரர் அவசரத்தில் மாற்றித் தந்துவிடலாம், அட்டையைப் பார்த்து வாங்க வேண்டும். பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் தேவை. இல்லையென்றால் வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து செயற்கை வால்வில் போய் உட்காரும். குழந்தைபெறும் வயதில் இருக்கும் பெண்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும், முதல் மூன்று மாசத்தில் இந்த மாத்திரை கருவைப் பாதிக்கும். அக்காவுக்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டும் என்பதால் பெனிசிலினையும் மாத்திரையாக மாற்றிவிட்டார்கள்.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுவார்கள், சித்தியும் சுற்றுவாள். சித்தப்பாவுக்குப் பதினாறு பதினேழு வயதிலேயே பீடி பழக்கம். நாற்பதைத் தொடும் முன்பே, கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நின்றால் சரியாகும், நடந்தால் மறுபடி வரும். வாயு என்று தைலம் தேய்த்தார். அப்புறம் பெருவிரல் கறுத்துப் புண் வந்தது, ராத்திரியில் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டுத் தூங்குவார். அப்பாவின் மாத்திரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டும் பார்த்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாமல். கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்த்து ஒப்பிட்டார்கள். கணுக்கால் அளவு கை அளவில் 0.9 பங்குக்குக் கீழே இருந்தால் காலுக்கு ரத்தம் குறைகிறது என்று அர்த்தம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் எடுத்துவிட்டு பியூர்கர் நோய் என்றார்கள்.

1908-ல் லியோ பியூர்கர் என்ற டாக்டர் விவரித்த நோய் இது. பெரும்பாலும் இளவயதில் புகைக்கும் ஆண்களுக்கு வருகிறது. இதில் அடைப்புக்குக் காரணம் கொழுப்பு இல்லை. சிறிய, நடுத்தர ரத்தக் குழாய்கள் அழற்சியால் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து மூடிக்கொள்கின்றன. அதனால் எண்ணெயைக் குறைத்தும் முட்டையை நிறுத்தியும் பலன் இல்லை. புகையிலையை முழுக்க விட்டால் பெரும்பாலானவர்களுக்குக் காலை எடுக்காமல் காப்பாற்றலாம். ஒரு நாளைக்கு ஒன்று இரண்டு என்று குறைத்தால்கூட நோய் நிற்காது. வாயில் போடும் புகையிலையும் கூடாது. சித்தப்பாவுக்கு ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு பீடியைத் தொடவில்லை, புண் ஆறிவிட்டது. விட நினைத்து முடியாதவர்களுக்கு 1800-112-356 என்ற இலவச தேசிய உதவி எண் இருக்கிறது. கூப்பிடுங்கள்.

இந்த மூன்றோடு முடியவில்லை. பிறவியிலேயே இதயத்தில் துளை, பம்ப் பலவீனமாகி கால் வீங்குவது, துடிப்பு தாறுமாறாவது, மூளைக்குப் போகும் குழாய் அடைத்து அல்லது வெடித்து வரும் பக்கவாதம், பல வருஷம் நின்றே வேலை பார்க்கிறவர்களின் காலில் சிரை முறுக்கிக்கொள்வது என்று நிறைய இருக்கின்றன. துணிக்கடைப் பெண்கள் பட்ட இந்தக் கால்வேதனைதான் 2021-ல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்திருத்தம் வரக் காரணமானவற்றில் ஒன்று. இந்த நோய்களில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு பொதுக் காரணம் உண்டு. அது கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பு. 140/90-க்கு மேல் இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். அவர்கள் வரும்போது "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று திருப்பி அனுப்பாமல் கையை நீட்டுங்கள்.

யாருக்காவது ‘ஹார்ட்’ என்று சொன்னால் டாக்டரிடம் நாங்கள் இப்போது கேட்பது இவைதான்: பழுது குழாயிலா, வால்விலா, தசையிலா, துடிப்பிலா? எதனால் வந்தது? இந்த மாத்திரை எதற்கு, எவ்வளவு நாளைக்கு, விட்டுப்போனால் என்ன ஆகும்? பதிலைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறோம். நோயின் பெயர், எந்தக் குழாயில் ஸ்டென்ட், எந்த வால்வு, வைத்த தேதி, ஒவ்வாமை, ரத்த வகை, டாக்டரின் எண். கடைசியாக எடுத்த ஈசிஜியின் போட்டோ எல்லோர் போனிலும் இருக்கிறது. புது ஈசிஜியைப் பழையதோடு ஒப்பிட்டால்தான் புதிதாக என்ன மாறியிருக்கிறது என்று டாக்டரால் உடனே சொல்ல முடியும். மூன்று பேரின் மாத்திரையையும் மூன்று நிற டப்பாவில், மூன்று வேறு அலமாரியில் அம்மா பிரித்து வைத்திருக்கிறாள். அக்காவின் தாளில் மட்டும் சிவப்பு மையில் மூன்று வரி கூடுதலாக உண்டு: உலோக வால்வு. தசையில் ஊசி வேண்டாம். அசிட்ரோமை யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.